அறுந்திருக்க வேண்டிய வேலி: டெக்சஸ் பான்ஹாண்டில், 1881–1886

1886 வசந்தத்தில் பனி கரைந்ததும், டெக்சஸின் வடமுனையில் இருந்த எல்எக்ஸ் பண்ணையின் ஆட்கள் கத்தியோடு வேலியோரமாகப் போனார்கள். குளிர்காலப் பனிப்புயலில் மாடு செத்துப்போனாலும் தோலையாவது காசாக்கலாம் என்பது கணக்கு. 35 மைல் தூரத்துக்கு, மைலுக்கு 250 மாடு என்ற அளவில் உரித்ததாகச் சொல்லப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் 8,750. இத்தனையும் ஏறக்குறைய 200 மைல் நீண்ட வேலியில் ஒரு பண்ணையின் பங்கில் மட்டும் கிடந்தவை.

வேலியைப் பற்றி ஆய்வு என்றால், எங்கே அறுந்தது, எந்தக் கால் சாய்ந்தது, யார் பராமரிக்காமல் விட்டார்கள் என்றுதான் வழக்கமாகத் தேடுவோம். இந்த நிகழ்வில் அப்படித் தேட ஒன்றும் இல்லை. கட்டியவர்கள் எதற்காகக் கட்டினார்களோ அதை அந்த வேலி சரியாகவே செய்தது. மாட்டை நிறுத்தியது.

காற்றுக்கு முதுகு காட்டும் பிராணி

டெக்சஸின் வரைபடத்தில் வடக்கே சதுரமாக ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். வாணலியின் கைப்பிடிபோல இருப்பதால் அதற்குப் பான்ஹாண்டில் என்று பெயர். அதன் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுவது கனேடியன் ஆறு. பெயர்தான் அப்படி, கனடா பக்கமே போகாத ஆறு. ஆற்றின் இரு பக்கமும் மண் அரித்து உண்டான ஓடைகள், பள்ளத்தாக்குகள், ஜூனிப்பர் மரங்கள். மாடு ஒதுங்கி நிற்க மறைவான இடங்கள் அங்கே நிறைய. அதற்கு வடக்கே கான்சஸ், கொலராடோ வரை மரம் மட்டை இல்லாத வெட்டவெளி.

1870-களில் அது திறந்த மேய்ச்சல் நிலம். யார் மாடு என்று சூட்டுக்குறியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பனிப்புயல் அடித்தால் மாடு காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கும். குதிரை காலால் பனியைச் சீய்த்துப் புல்லைத் தேடும்; மாடு பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. காற்று தள்ளும் திசையில், மறைவு கிடைக்கும்வரை நடக்கும். ஒன்று நடந்தால் மந்தையே பின்னால் போகும். இதற்கு அங்கே 'டிரிஃப்ட்' என்று பெயர். வடக்கே ஆர்கன்சா ஆற்றுப் பக்கத்து மாடெல்லாம் இப்படி நடந்து நடந்து கனேடியன் ஆற்றுப் பள்ளங்களுக்கு வந்து சேரும்.

அங்கிருந்த பண்ணைக்காரர்களுக்கு இது அழையா விருந்து. குளிர்காலத்துக்கென்று விட்டுவைத்த புல்லை ஊரார் மாடு தின்றுவிடும். வசந்தத்தில் அவற்றைப் பிரித்து வடக்கே அனுப்ப வாரக்கணக்கில் ஆள் வேலை. எனவே 1881 முதல் ஆற்றுக்கு வடக்கே, வெட்டவெளியில், கிழக்கு மேற்காக வேலி கட்டத் தொடங்கினார்கள். யாருடைய நிலத்தையும் சுற்றி வளைக்காத வேலி அது. ஒரே கோடு. ஒவ்வொரு பண்ணையும் தன் பங்குத் துண்டைக் கட்டியது. 1885-க்குள் துண்டுகள் இணைந்து, கிழக்கே இந்தியப் பிரதேச எல்லையிலிருந்து (அமெரிக்கப் பழங்குடியினருக்கென ஒதுக்கிய நிலம், இன்றைய ஓக்லஹோமா) பான்ஹாண்டிலைக் கடந்து நியூ மெக்சிகோவுக்குள்ளும் போய்விட்டன. டிரிஃப்ட் வேலி என்று அழைத்தார்கள்.

பத்தாண்டுகூட ஆகாத கம்பி

இலினாய் மாநிலம் டிகால்ப் ஊர் விவசாயி ஜோசப் கிளிடனுக்கு முள்கம்பிக்கான காப்புரிமை 1874 நவம்பர் 24-இல் கிடைத்தது. அதற்கு முன் கம்பி வேலி இல்லாமல் இல்லை. ஒற்றை இழைச் சாதாக் கம்பி வெயிலில் தொங்கும், குளிரில் இறுகி அறும், மாடு முதுகு சொறியச் சாய்ந்தால் விழும். முள் வைக்கும் யோசனையும் அவருக்கு முன்பே சிலரிடம் இருந்தது. ஆனால் முள் கம்பியில் வழுக்கி ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். கிளிடன் இரண்டு இழைகளை முறுக்கி, முறுக்குக்குள் முள்ளைச் சிக்கவைத்தார். அதில் இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. முறுக்கிய கம்பி ஒரு சுருள்வில்போலக் கொஞ்சம் நீண்டு சுருங்கும்.

அது சின்ன விஷயமில்லை. கால் மைல், அதாவது 400 மீட்டர் நீளக் கம்பியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் இறங்கினால் எஃகு சுமார் 19 சென்டிமீட்டர் சுருங்கப் பார்க்கும். இரு முனையும் கட்டப்பட்டிருக்கும்போது அந்தச் சுருக்கமெல்லாம் இழுவிசையாக மாறி மூலைக்கால்களைப் பிடுங்கும். முறுக்கு அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்ளும். கம்பியிலேயே இப்படிக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் குணம் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1874-இல் 10,000 பவுண்டு விற்ற முள்கம்பி 1880-இல் 8 கோடி பவுண்டு விற்றது. நூறு பவுண்டு 20 டாலர் என்றிருந்த விலை பாதியானது. கம்பி வருவதற்கு முன் அந்தப் புல்வெளி மாநிலங்களில் ஓசேஜ் ஆரஞ்சு என்ற முள்மரத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். நம் காங்கேயம் பக்கக் கொறங்காட்டுக் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் கிளுவையோ ஓசேஜோ மாட்டைத் தடுக்கும் அளவுக்குக் கனக்க வருடங்கள் வேண்டும். 200 மைல் வேலியை நான்கே வருடத்தில் முடிக்கக் கம்பியால் மட்டுமே முடியும். யோசிக்க நேரம் கொடுக்காத வேகம் அது.

கட்டுமானம்

கிளிடனே தன் விற்பனைப் பிரதிநிதி ஹென்றி சான்பார்னோடு சேர்ந்து 1881-இல் பான்ஹாண்டிலில் ஒரு பண்ணை தொடங்கினார். இவ்வளவு பெரிய நிலத்தையும் முள்கம்பியால் அடைக்க முடியும் என்று காட்டும் விளம்பரப் பண்ணை என்றே சொல்லலாம். சுமார் 120 மைல் வேலிக்கு ஆன செலவு 39,000 டாலர் என்று கணக்கு. மைலுக்கு 325 டாலர். ரயில் அந்தப் பக்கத்துக்கு 1887-இல்தான் வந்தது. அதுவரை கான்சஸின் டாட்ஜ் சிட்டியில் கம்பிச் சுருளை இறக்கி, 150 மைலுக்கும் மேல் மாட்டு வண்டியிலும் கோவேறு கழுதை வண்டியிலும் இழுத்தார்கள். வேலிக்கால்கள் பாலோ டூரோ பள்ளத்தாக்கிலும் ஆற்றுப் பள்ளங்களிலும் வெட்டிய ஜூனிப்பர். ஊர்க்காரர்கள் அதைச் சீடார் என்பார்கள். மண்ணில் எளிதில் உளுக்காது.

டிரிஃப்ட் வேலிக்கு எவ்வளவு பொருள் ஆகியிருக்கும்? நானே போட்ட உத்தேசக் கணக்கு இது. அன்றைய முள்கம்பி பதினாறரை அடிக்கு ஒரு பவுண்டு எடை. ஒரு மைலுக்கு ஒரு இழை 320 பவுண்டு. நான்கு இழை என்று வைத்தால் 1,280. இருநூறு மைலுக்கு 2,56,000 பவுண்டு, கிட்டத்தட்ட 116 டன். வண்டிக்கு இரண்டு டன் ஏற்றினாலும் 58 வண்டிக் கம்பி. கால்களை 33 அடிக்கு ஒன்றாக நட்டாலும் 32,000 குழி. பாறையும் களிமண்ணும் கலந்த மண்ணில், கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்து.

கம்பியை இழுக்கும் முறை சுவையானது. வண்டியின் பின்சக்கரத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து, கம்பி முனையைச் சக்கரக் குடத்தில் சுற்றி, சக்கரத்தைக் கையால் திருப்புவார்கள். கம்பி விண்ணென்று இறுகும். பிறகு காலில் வைத்து யூ ஆணி அடிப்பது. அந்த ஆணியில்தான் வேலிக்காரன் கைவண்ணம் தெரியும். இரண்டு முனையும் மரத்தின் ஒரே ரேகையில் இறங்கினால் கால் பிளக்கும். சற்றுச் சாய்த்து அடிக்க வேண்டும். முழுக்க அடித்துக் கம்பியை நசுக்கவும் கூடாது. கம்பி ஆணிக்குள் நகர இடம் இருந்தால்தான் ஒரு இடத்தில் மாடு சாயும்போது அந்த இழுப்பு நாலைந்து கால்களுக்குப் பரவும்.

மூலைக்கால்தான் முழு வேலியையும் தாங்குகிறது. நல்ல மூலை என்பது இரண்டு கால், அவற்றின் மேற்பகுதியை இணைக்கும் ஒரு குறுக்குக் கட்டை, மூலைக்காலின் அடியிலிருந்து அடுத்த காலின் தலைக்குப் போகும் முறுக்கிய கம்பி. இந்தக் குறுக்குக் கம்பியை எதிர்ப்பக்கமாகக் கட்டினால் முட்டு முட்டாகவே இருக்காது. இன்றும் புதிதாக வேலி போடுகிறவர்கள் செய்கிற தவறு இது. பள்ளத்தில் இறுகிய கம்பி காலை மண்ணிலிருந்து மேலே தூக்கும். அங்கே கல்லைப் புதைத்து அதோடு காலைக் கட்டுவார்கள். கம்பியைக் காலின் எந்தப் பக்கம் அடிப்பது என்பதற்கும் விதி உண்டு. மாடு சாயும் பக்கம் அடிக்க வேண்டும். அப்போது மாட்டின் பாரம் கம்பியைக் காலின்மேல் அழுத்தும். மறுபக்கம் அடித்தால் அதே பாரம் ஆணியைப் பிடுங்கி எறிந்துவிடும்.

இனி ஓடை. இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வேலி ஓடையைக் கடக்கும்போது அனுபவசாலி யாரும் முக்கிய வேலியை நேராகக் குறுக்கே கட்டமாட்டான். இரண்டு கரையிலும் முட்டுக் கொடுத்து வேலியை அங்கேயே முடித்துவிடுவான். நடுவில் தனியாக ஒரு துண்டை மேலே தொங்கவிட்டு, மெல்லிய கம்பியால் லேசாகக் கட்டுவான். வெள்ளம் வந்தால், அது அடித்துவரும் மரமும் குப்பையும் அந்தத் துண்டைத் தள்ளித் திறந்துகொள்ளும், அல்லது அறுத்துக்கொண்டு போகும். மறுநாள் ஒரு ஆள் வந்து திரும்பக் கட்டுவான். அறுவதற்கென்றே ஒரு இடம் வைக்காவிட்டால் வெள்ளம் இருபக்கமும் நூறு அடி வேலியைச் சேர்த்துப் பிடுங்கிவிடும்.

தண்ணீர் வெள்ளத்துக்கு இதை யோசித்தவர்கள், மாட்டு வெள்ளத்துக்கு யோசிக்கவில்லை.

பராமரிப்பு

பழைய திறந்தவெளியில் எல்லையோரம் குதிரையில் சுற்றி மாட்டைத் திருப்பியவர்களே இப்போது வேலி பார்ப்பவர்கள் ஆனார்கள். சேணப்பையில் குறடு, சுத்தி, யூ ஆணி, கொஞ்சம் கம்பி. பல மைலுக்கு ஒரு குடிசை. அங்கிருந்து ஒருநாள் கிழக்கே, ஒருநாள் மேற்கே. காளை முதுகு சொறிந்து சாய்த்த கால், மண் உறைந்து உப்பியதில் மேலேறிய கால், புல்தீயில் கருகிய கால். காட்டுத்தீக்காக வேலியோரம் ஏர் ஓட்டி மண்பட்டை விடுவதும் பெரிய பண்ணைகளில் வழக்கமானது. முள் கிழித்த காயத்தில் ஈ முட்டையிட்டு, புழு உயிருள்ள சதையைத் தின்னும். கோடையில் அந்த மாடுகளைப் பிடித்துக் கட்டி மருந்து போடுவதும் இவர்கள் தலையில்தான் விழுந்தது.

மனிதர்கள் அறுப்பதும் உண்டு. 1883 வறட்சியில், தண்ணீரை அடைத்துக் கட்டிய வேலிகளை மத்திய டெக்சஸில் இரவோடிரவாக அறுத்தார்கள். ஆளுநர் ஜான் அயர்லாந்து 1884 ஜனவரியில் சட்டமன்றச் சிறப்புக் கூட்டம் கூட்டினார். வேலி அறுத்தால் ஒன்று முதல் ஐந்து வருடம் சிறை. அதே சட்டத்தொகுப்பில், பொதுப்பாதையின் குறுக்கே வேலி கட்டுபவர் மூன்று மைலுக்கு ஒரு வாசல் வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அந்த வாசல் மனிதர் போக. புயலில் மாடு போக வாசல் வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

1885–86

1885 ஜூலை 23-இல் அதிபர் கிளீவ்லாந்து, இந்தியப் பிரதேசத்தில் இருந்த ஷையன்-அரப்பஹோ பழங்குடியினர் நிலத்தில் குத்தகைக்கு மேய்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர்களை 40 நாளில் வெளியேறச் சொன்னார். பழங்குடியினரின் நிலம் அது. உத்தரவில் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் ஏற்கெனவே நெரிசலாக இருந்த சுற்றுவட்டார மேய்ச்சல் நிலங்களில் கோடை முடிவில் வந்து இறங்கின. புல் தரையோடு போயிருந்தது. குளிர்காலத்துக்குள் மாடு மெலிந்தே நுழைந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் பெரும் பனிப்புயல். கான்சஸிலிருந்து மாடு வழக்கம்போல முதுகைக் காட்டித் தெற்கே நடந்தது. பல நாள் நடை. கனேடியன் ஆற்றுப் பள்ளங்களுக்கு முன்னால் வேலி.

முன்வரிசை நின்றது. பின்னால் வந்தது நெருக்கியது. நான்கு இழைக் கம்பி பனியைத் தடுக்காது. ஆனால் நெருங்கி நின்ற மாட்டு உடல்கள் தடுக்கும். சுவர்போல நின்ற மந்தைமேல் பனி குவிந்தது. நின்றபடியே விறைத்தவை, கீழே விழுந்து மிதிபட்டவை, மூக்கில் பனிக்கட்டி அடைத்து மூச்சுமுட்டியவை. சில இடங்களில் பின்னால் வந்த மாடு செத்த மாட்டின்மேல் ஏறி வேலியைத் தாண்டியது என்றும் சொல்வார்கள்.

இதை 1886–87 குளிர்காலத்தோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அது மொன்டானா, வயோமிங், டகோட்டா பக்கம் மந்தைகளை அழித்த அடுத்த வருடத்துப் பேரழிவு. பான்ஹாண்டில் அதற்கு ஒரு வருடம் முந்தியது.

எது கோளாறு?

கம்பியைக் குற்றம் சொல்வது எளிது. முள் இருந்ததால்தான் மாடு செத்தது என்பது பொருந்தாது. முள்ளே இல்லாத வலுவான மரவேலியும் அதே இடத்தில் அதையேதான் செய்திருக்கும். மேய்ச்சல் நிலத்துக்கு மீறி மாட்டை விட்டது பெரிய காரணம். எல்எக்ஸ் அப்போது லண்டன் கம்பெனி ஒன்றின் கையில்; பான்ஹாண்டிலின் இன்னொரு பெரிய பண்ணையான எல்ஐடி, எடின்பரோ முதலீட்டாளர்கள் கையில். அந்தக் காலத்துப் பெரிய கைமாற்றங்கள் பலவும் மாட்டை எண்ணிப் பார்க்காமல் ஏட்டில் இருந்த எண்ணிக்கையை நம்பி நடந்தவை. ஏட்டு மாடு புல் தின்பதில்லை, சாவதும் இல்லை. கொழுத்த மாடு என்றால் இன்னும் சில நாள் தாங்கியிருக்கும். வேலி இல்லாமலிருந்தாலும் அந்தக் குளிர்காலத்தில் பல ஆயிரம் செத்திருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் வேலி நின்ற இடம் உறுத்துகிறது. மறைவுக்குத் தெற்கே இருந்தால் மாடு பள்ளத்தில் இறங்கி நின்றிருக்கும். புல் தங்களுக்கு வேண்டும் என்பதால் மறைவுக்கு வடக்கே, காற்று முழுவேகத்தில் அடிக்கும் இடத்தில் நிறுத்தினார்கள். வடக்கே தங்கள் மாடும் கொஞ்சம் மேய்ந்தது உண்மை. எல்எக்ஸ் போன்ற பண்ணைகளும் இழந்தன. ஆனால் வேலியை முடிவு செய்தபோது மனதில் இருந்தது ஊரார் மாடு. தன் மாடு மட்டுமே வந்து முட்டும் வேலியாக இருந்தால், யாராவது ஒரு மேஸ்திரி, "ஐந்து மைலுக்கு ஒரு படல் வையுங்க, புயல் வந்தா திறந்து விடலாம்" என்று சொல்லியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

திறந்துவிட ஆள் யார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கண்ணெதிரே கை தெரியாத புயலில் குடிசையை விட்டு யாரும் வெளியே வந்திருக்க முடியாது. அதனால்தான் ஓடைத் துண்டின் பாடம் பொருந்துகிறது. அங்கே ஆள் தேவையில்லை. வெள்ளமே திறந்துகொள்ளும். சில இடங்களில் கம்பியைக் காலின் மறுபக்கம் அடித்திருந்தால்கூட, சாய்ந்த மந்தையின் பாரத்தில் யூ ஆணிகள் தெறித்து வேலி படுத்திருக்கும். வேலைக்காரன் தப்பு என்று திட்டு வாங்கும் வேலை. அந்த இரவில் ஆயிரம் மாட்டைக் காப்பாற்றியிருக்கும்.

பிறகு

பொது நிலத்தில் வேலி கட்டுவதைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1885 பிப்ரவரி 25-இல் வந்தது. டெக்சஸ், ஒன்றியத்தில் சேர்ந்தபோது தன் பொது நிலங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்ட மாநிலம் என்பதால் அச்சட்டம் எல்லைக்கு வெளியே இருந்த துண்டுகளையே தொட்டது. டெக்சஸுக்குள் மாநிலச் சட்டமும், நிலத்தை வாங்கவந்த குடியானவர்களும் சேர்ந்து 1890 வாக்கில் டிரிஃப்ட் வேலியைப் பெரும்பாலும் இல்லாமல் ஆக்கினார்கள்.

கம்பி குறையவில்லை, பெருகியது. 30 லட்சம் ஏக்கர் எக்ஸ்ஐடி பண்ணை 1886 முடிவுக்குள் 781 மைல் வேலி போட்டு, கடைசியில் 1,500 மைலுக்குக் கொண்டுபோனது. ஆனால் அது வேறு வகை. நிலத்தைத் துண்டு துண்டாக வளைத்து, ஒவ்வொரு துண்டிலும் காற்றாலை வைத்துத் தண்ணீர் இறைத்து, மாட்டை அதனதன் இடத்தில் வைத்துக் காக்கும் வேலி.

அதற்காகப் பழைய கணக்கு தீர்ந்துவிடவில்லை. 2015 டிசம்பர் கடைசியில் அதே மேற்கு டெக்சஸிலும் கிழக்கு நியூ மெக்சிகோவிலும் பனிப்புயல் அடித்தபோது 30,000-க்கும் மேற்பட்ட பால்மாடுகள் செத்தன என்று மதிப்பிட்டார்கள். காற்றோடு நடந்து, வேலி மூலைகளில் சேர்ந்து, பனிக் குவியலில் புதைந்தவை அவற்றில் நிறைய.

ராக்கி மலைப் பக்கத்து மேய்ச்சல் நிலங்களில் இறக்கு வேலி என்று ஒன்றைக் கட்டுகிறார்கள். அங்கே கம்பியை நட்ட காலில் அடிப்பதில்லை. இடையிடையே நிற்கும் தனிக் குச்சிகளில் கம்பிகளைக் கட்டி, குச்சியின் தலையையும் அடியையும் வளையத்தால் காலோடு மாட்டியிருப்பார்கள். இலையுதிர் காலத்தில் மாடு மலையை விட்டு இறங்கியதும் ஒரு ஆள் குதிரையில் போய் மேல் வளையங்களைக் கழற்றிக்கொண்டே வருவான். வேலி தரையோடு படுத்துவிடும். குளிர்காலம் முழுக்க பனி அதன்மேல் குவியும், மான் அதன்மேல் நடக்கும். வசந்தத்தில் அதே ஆள் வந்து குச்சிகளைத் தூக்கி வளையத்தை மாட்டுவான். அப்போதும் சேணப்பையில் குறடும் கொஞ்சம் யூ ஆணியும் இருக்கும், மூலைக்கால்களுக்காக.